கார்ச்சோம்ப்புக்கு ஒரு வேலை போதும்: போட்டிக் களத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆனி மாதத்து மேல்காற்று மலையைத் தாண்டி வரும்போது மழையைக் குற்றாலத்திலேயே இறக்கிவைத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் தூசியை மட்டும் கொண்டுவரும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சித்தி மகன் தன் கைபேசியில், போகிமான் உயிரிகளை மோதவிடும் போகிமான் ஷோடவுன் என்ற இணைய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். முதல் சுற்றிலேயே கார்ச்சோம்ப் என்ற டிராகன் உயிரியை இறக்கி, எர்த்குவேக் என்ற நில அடியை அடித்தான். எதிராளி அதே சுற்றில் கார்விநைட் என்ற எஃகுப் பறவையை மாற்றி இறக்கியதால், அந்த அதிர்ச்சி பறவையின் காலுக்குக் கீழே வீணாகப் போயிற்று. கோபத்தில் இரண்டாம் சுற்றில் அவுட்ரேஜ் என்ற டிராகன் அடியை அழுத்தினான். எஃகுப் பறவை அதைப் பாதி வலியோடு வாங்கிக்கொண்டு, யூ-டர்ன் அடித்து உள்ளே போய், தன் இடத்தில் வீவைல் என்ற ஐஸ் உயிரியை நிறுத்திவிட்டது. அவுட்ரேஜ் என்பது இரண்டு அல்லது மூன்று சுற்றுகளுக்கு ஆட்டக்காரரின் கையைக் கட்டிப்போடும் அடி. ஆகவே மூன்றாம் சுற்றில் கார்ச்சோம்ப்பை வெளியே எடுக்கவும் வழியில்லை, வீவைலை வேகத்தில் முந்தவும் வழியில்லை. ட்ரிபிள் ஆக்ஸெல் என்ற ஐஸ் அடி ஒன்றை வாங்கிக் கார்ச்சோம்ப் சாய்ந்தது.

“எண்ணே, அறுநூறு புள்ளி உள்ளதுன்னு சொன்னியளே, ஒருத்தனைக்கூடச் சாய்க்காமச் செத்துப்போச்சே” என்றான்.

அவன் செய்த பிழை அடிகளைத் தேர்ந்ததில் இல்லை. அந்த உயிரிக்கு என்ன வேலை என்று முடிவு செய்யாமலே அதைக் களத்தில் இறக்கியதுதான் பிழை. கார்ச்சோம்ப் தாக்கும், தாங்கும், முந்தும், எதிராளியின் தரையில் கல்லும் முள்ளும் பரப்பும். இத்தனையும் செய்யக்கூடியது என்பதாலேயே, ஓர் ஆட்டத்தில் இவற்றுள் ஒன்றை மட்டும் அதனிடம் கேட்க வேண்டும் என்பது என் அனுபவம். கீழே சொல்வன ஒன்பதாம் தலைமுறை விதிகளுக்கானவை, அதாவது 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளின் விதிகளுக்கானவை. கணக்குகள் யாவும், ஷோடவுனில் வழக்கமாக ஆடப்படும் 100ஆம் நிலை ஒற்றையர் ஆட்டத்துக்குப் போட்டவை. விளையாட்டுக் கருவி வாங்க வசதி இல்லாதவர்களும் உலாவியில் இலவசமாக ஆடலாம் என்பதால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் பழகுகிறார்கள்.

முதற்படி: உயிரியை அறிதல்

கார்ச்சோம்ப் 2006இல் ஜப்பானில் வெளியான டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் முதன்முதலாக வந்தது. கிபிள் என்ற குட்டி 24ஆம் நிலையில் கபைட்டாகவும், கபைட் 48ஆம் நிலையில் கார்ச்சோம்ப்பாகவும் மாறும். அந்த விளையாட்டுகளில் சின்த்தியா என்னும் வாகைவீராங்கனை வைத்திருந்த 66ஆம் நிலைக் கார்ச்சோம்ப்பிடம் தோற்றுத்தான் பலரும் இதன் பெயரை மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அதன் அடிப்படை எண்கள் இவை: உயிர் 108, தாக்குதல் 130, தற்காப்பு 95, சிறப்புத் தாக்குதல் 80, சிறப்புத் தற்காப்பு 85, வேகம் 102. கூட்டினால் சரியாக 600. இவற்றுள் புதியவர் மனப்பாடம் செய்ய வேண்டியது 130 அன்று, 102. ஏனென்றால் இந்த விளையாட்டில் 100 என்ற வேகத்தில் ஒரு பெருங்கூட்டமே நிற்கிறது. சாப்டாஸ், வால்கரோனா, சாரிஸார்ட், சாலமென்ஸ் ஆகிய எல்லாம் அங்கேதான். முழு வேகப் பயிற்சியும் வேகம் கூட்டும் இயல்பும் கொடுத்தால் அவை 328இல் நிற்கும், கார்ச்சோம்ப் 333இல் நிற்கும். அந்த ஐந்து புள்ளி, வரிசையில் ஒரு படி முன்னால் நிற்பதற்குச் சமம்.

வகையைப் பொறுத்தவரை இது டிராகனும் கிரவுண்ட் என்ற நில வகையும் சேர்ந்தது. மின்சார அடி இதன்மேல் ஏறவே ஏறாது. நெருப்பு, பாறை, நஞ்சு ஆகியவை பாதிதான் ஏறும். டிராகன், ஃபேரி அடிகள் இரட்டிப்பாகும். ஐஸ் அடி நான்கு மடங்காகும். இந்த நான்கு மடங்குதான் கார்ச்சோம்ப்பை ஆடுகிற எவருக்கும் தலைவலி.

ஆனால் அந்தத் தலைவலியையும் எண்ணிப் பார்த்தே பயப்பட வேண்டும். கையில் எந்தப் பொருளும் இல்லாமல், முழுத் தாக்குதல் பயிற்சியும் தாக்குதலைக் கூட்டாத இயல்பும் கொண்ட வீவைல் ஐஸ் ஷார்டு அடித்தால், தாக்கும் வகைக் கார்ச்சோம்ப்புக்கு 264 முதல் 312 வரை சேதம் ஆகும். அதன் உயிர் 357. அதாவது முழு உயிரோடு இருந்தால் ஓர் ஐஸ் ஷார்டைத் தாங்கிவிட்டுத் திருப்பி அடிக்கும். எதிராளி நம் பக்கத்தில் ஸ்பைக்ஸ் என்ற முள்ளை ஓர் அடுக்கு விரித்திருந்தால், களத்தில் இறங்கும்போதே 44 போய் 313 மிஞ்சும். அப்போதும் மிக மோசமான அடியில்கூட ஒரே ஒரு புள்ளியில் உயிர் நிற்கும். அதோடு ஸ்டெல்த் ராக் என்ற கல்லும் கிடந்தால் இன்னும் 22 போய், அந்தக் காப்பும் இல்லாமற் போகும். ஆகவே கார்ச்சோம்ப்பின் உயிரைச் சில்லறையாகச் செலவழிக்கக் கூடாது. ஐஸ் ஷார்டு முந்திப் பாயும் அடி என்பதால் நம் வேகம் அங்கே உதவாது. மிஞ்சியிருக்கும் உயிர்தான் உதவும்.

இரண்டாம்படி: வளர்த்தல்

ஷோடவுனில் இந்த வேலை எழுத்து அடிப்பதோடு முடிந்துவிடும். கருவியில் ஆடுவோர் உழைக்க வேண்டும். பிறவிப் புள்ளிகளான ஐ.வி. ஒவ்வொன்றும் 31 ஆக இருக்க வேண்டும். குறைந்தால், 50ஆம் நிலையை எட்டிய பின் பாட்டில் கேப் கொடுத்து ஹைப்பர் டிரெயினிங் செய்து சரிக்கட்டலாம். பயிற்சிப் புள்ளிகளான ஈ.வி. மொத்தம் 510 வரைதான் கிடைக்கும், ஒரு பண்புக்கு 252க்கு மேல் ஏறாது. ஒரு சத்து மருந்துப் புட்டி பத்துப் புள்ளி தரும் என்பதால், ஒரு பண்பை நிரப்ப 26 புட்டிகள் வேண்டும். இயல்பு தவறாகப் பிறந்திருந்தால் மின்ட் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

தாக்கும் கார்ச்சோம்ப்புக்கு இயல்பில் இரண்டே தேர்வுகளை நினைவில் வைத்தால் போதும். ஜாலி வேகத்தைக் கூட்டும். அடமன்ட் தாக்குதலைக் கூட்டும். இரண்டும் நமக்குத் தேவைப்படாத சிறப்புத் தாக்குதலைக் குறைத்தே கூட்டுகின்றன. அடமன்ட் எடுத்தால் தாக்குதல் 359இலிருந்து 394 ஆகும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வேகம் 303க்கு இறங்கிவிடும். அப்போது 328இல் நிற்கும் கூட்டம் முழுவதும் முந்திக்கொள்ளும், 309இல் வரும் லாண்டரஸ்கூட முந்திக்கொள்ளும். முந்துவதற்காகப் பிறந்த உயிரியைப் பிந்த வைத்துவிட்டு 35 புள்ளித் தாக்குதலை வாங்குவது நல்ல வியாபாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. புதியவர் தாக்கும் வேலையை ஜாலியோடு தொடங்குவதே நல்லது.

திறனில் சாண்ட் வெய்ல், ரஃப் ஸ்கின் என இரண்டு உண்டு. மணற்புயலில் எதிராளியின் அடியைத் தவறவைப்பது சாண்ட் வெய்ல். ஆடிக்காற்றில் தேரிக்காட்டில் நடந்து பார்த்தவர்களுக்கு அதன் பொருள் உடனே விளங்கும். கண்ணைத் திறந்தால்தானே குறிபார்க்க முடியும்? ஆனால் ஆட்டத்தை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிடுகிறது என்பதால் ஷோடவுனின் முதன்மைக் களத்தில் அது தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே மறைதிறனான ரஃப் ஸ்கின்தான் வேண்டும். கருவியில் அதற்கு எபிலிட்டி பேட்ச் என்ற பொருள் தேவை. ஆறு நட்சத்திர டெரா ரெய்டுகளில் அது கிடைக்கும்.

மூன்றாம்படி: ஒரு வேலையைத் தேர்தல்

புதியவருக்கு நான் முதலில் கொடுப்பது தாங்கும் வேலை. தாக்கும் வேலையைவிட அது எளிது என்பதால் அன்று. ஆட்டத்தைப் பொறுத்திருந்து பார்க்கும் பழக்கத்தை அதுதான் கற்றுத்தரும் என்பதால்.

இதற்குத் தற்காப்பைக் கூட்டும் இம்பிஷ் இயல்பு, உயிரில் 252, தற்காப்பில் 252, கையில் ராக்கி ஹெல்மெட். அடிகள் ஸ்டெல்த் ராக், ஸ்பைக்ஸ், எர்த்குவேக், டிராகன் டெய்ல். உயிர் 420 ஆகிவிடும். தொட்டு அடிக்கிற எவருக்கும் ரஃப் ஸ்கின் எட்டில் ஒரு பங்கும், ராக்கி ஹெல்மெட் ஆறில் ஒரு பங்கும் உயிரைப் பறிக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு தொடுதலுக்கு 24இல் 7 பங்கு, கிட்டத்தட்ட 29 விழுக்காடு. தன் தரையில் நாம் இட்ட கல்லைக் கூட்டித் தள்ள ரேப்பிட் ஸ்பின் அடிக்கும் கிரேட் டஸ்க் தொட்டே அடிக்கிறது. யூ-டர்ன் அடித்து ஓடுபவையும் தொட்டுவிட்டே ஓடுகின்றன. கருவேல முள்ளைக் கையால் வெட்டப் போனவன் நிலைதான். மௌஸ்ஹோல்டு என்ற எலிக்குடும்பத்தின் பாப்புலேஷன் பாம் பத்துமுறை வரை தொட்டு அடிக்கக்கூடியது; நான்காவது தொடுதலிலேயே அந்தக் குடும்பம் தானாகச் சாய்ந்துவிடும். முதன்முறை இதைப் பார்த்தபோது சித்தி மகன் மாடிப்படியில் இறங்கி ஓடி வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தான், அங்கே ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்றாலும்.

டிராகன் டெய்ல் சுற்றின் கடைசியில்தான் விழும். ஆனால் விழுந்ததும் எதிராளியின் உயிரியைத் துரத்திவிட்டு வேறொன்றை இழுத்துவரும். கீழே கல்லும் முள்ளும் கிடக்கும்போது இப்படி இழுத்துவரப்பட்டவை ஒவ்வொன்றும் காலில் காயத்தோடுதான் நிற்கும். ஸ்பைக்ஸ் ஓர் அடுக்கில் எட்டில் ஒரு பங்கும், இரண்டு அடுக்கில் ஆறில் ஒரு பங்கும், மூன்று அடுக்கில் நான்கில் ஒரு பங்கும் பறிக்கும். பறப்பவற்றுக்கு அது உறைக்காது. ஸ்டெல்த் ராக் பறப்பவற்றைக் கூடுதலாகவே வதைக்கும். பாறை நான்கு மடங்காக ஏறும் வால்கரோனா, சாரிஸார்ட் போன்றவற்றுக்கு ஒரே நுழைவில் பாதி உயிர் போகும். ஹெவி டியூட்டி பூட்ஸ் அணிந்து வருபவற்றுக்கு இரண்டும் ஏறாது. மேஜிக் கார்டு உள்ள கிளெஃபேபிளுக்கோ கல், முள், ரஃப் ஸ்கின், ஹெல்மெட் என எதுவுமே ஏறாது. அதோடு அது ஃபேரி என்பதால் டிராகன் டெய்லும் படாது. தாங்கும் கார்ச்சோம்ப் அதன் எதிரே ஒரு சுற்றுக்கு மேல் நிற்பதில் பயனில்லை.

இரண்டாவது வேலை, கடைசியில் வந்து வரிசையாகச் சாய்ப்பது. ஜாலி, தாக்குதலில் 252, வேகத்தில் 252, கையில் லோடட் டைஸ். அடிகள் தாக்குதலை இரட்டிப்பாக்கும் சுவார்ட்ஸ் டான்ஸ், ஸ்கேல் ஷாட், எர்த்குவேக், நான்காவதாக ஃபயர் ஃபேங். ஸ்கேல் ஷாட் ஒவ்வொன்றும் 25 வலிமையுள்ள செதில்களை இரண்டு முதல் ஐந்து வரை எறியும்; லோடட் டைஸ் இருந்தால் நான்குக்குக் குறையாது. எறிந்து முடித்ததும் தற்காப்பு ஒரு படி இறங்கி, வேகம் ஒரு படி ஏறும். அப்போது 333 என்பது 499 ஆகும். பல செதில்கள் என்பதால், முழு உயிரில் பாதி அடியை மட்டும் வாங்கும் டிராகனைட்டின் மல்டிஸ்கேல் முதல் செதிலோடு உடைந்துவிடும். ஃபோகஸ் சாஷ் கட்டிக்கொண்டு ஒற்றைப் புள்ளியில் தப்பிப்பவையும் இரண்டாம் செதிலில் விழும். இதன் குறையும் தெளிவு: தற்காப்பு இறங்கிய பின் முந்திப் பாயும் அடி எதுவானாலும் கதை முடிந்தது. அதனால்தான் இதைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது வேலை, சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டித் துரத்துவது. ஸ்கார்ஃப் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும், ஆனால் முதலில் அழுத்திய அடியையே தொடர்ந்து அடிக்க வைக்கும். 499 வேகத்தில், 421இல் பறக்கும் டிராகாபல்ட்டை முந்தலாம். இதைவிட அழகான ஒன்று: வேகத்தை ஒரு படி ஏற்றும் குவிவர் டான்ஸ் ஒருமுறை ஆடிய முழுவேக வால்கரோனா 492இல் நிற்கும். ஏழு புள்ளி வித்தியாசத்தில் முந்திச் சென்று ஸ்டோன் எட்ஜ் அடித்தால் நான்கு மடங்கு. அந்த அடி நூற்றுக்கு எண்பது முறைதான் படும். மீதி இருபதை நெல்லையப்பர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மூன்றையும் கலந்து, ஸ்டெல்த் ராக், சுவார்ட்ஸ் டான்ஸ், ஸ்கார்ஃப் என்று ஒரே உயிரியிடம் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். ஸ்கார்ஃப் கட்டியவன் சுவார்ட்ஸ் டான்ஸ் ஆடினால், ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான்காம்படி: இறங்கும் தருணம்

குறுக்குத்துறையில் ஆற்றில் இறங்குகிறவர்கள் முதலில் படித்துறையில் நின்று, முருகன் கோயிலைச் சுற்றித் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் ஆறு உயிரிகளும் திரையில் காட்டப்படும். அந்தப் பார்வையில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. அந்த ஆறில் எர்த்குவேக் படாதது எது, டிராகன் அடி படாதது எது, இரண்டுமே படாதது எது என்று எண்ணுங்கள். எனமோரஸ் போல ஃபேரியும் பறவையுமாக இருப்பது ஒன்று அங்கே நின்றால், நம் சொந்த வகை அடிகள் இரண்டுமே அதன்மேல் வீண். அது விழும்வரை தாக்கும் கார்ச்சோம்ப்பை வெளியே எடுக்காதீர்கள்.

இறங்குவதற்கு ஏற்ற தருணம், எதிராளி மின்சார அடி அடிப்பார் என்று நம்பத்தக்க சுற்று. வோல்ட் ஸ்விட்ச் என்பது அடித்துவிட்டு உள்ளே ஓடும் அடி. கார்ச்சோம்ப் குறுக்கே வந்து நின்றால் அடியும் படாது, எதிராளியால் ஓடவும் முடியாது. ரேஜிங் போல்ட்டின் தண்டர்கிளாப் முந்திப் பாயும் மின்சார அடி. அதுவும் நம்மிடம் செல்லாது, நம் எர்த்குவேக்கோ அதன்மேல் இரட்டிப்பாக விழும். ஆனால் அது டிராகனுமாக இருப்பதால், அடுத்த சுற்றில் டிராகன் அடியால் பதிலடி தரக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஹீட்ரானின் நெருப்பு அடிக்குள் இறங்குவதும் நல்லதே. எஃகும் நெருப்புமான அதற்கு எர்த்குவேக் நான்கு மடங்கு. காற்றுப்பந்து கட்டியிருந்தால் மட்டும் படாது, அது கட்டியிருப்பதைத் திரையே சொல்லிவிடும்.

இறங்கிய முதல் சுற்றில் எர்த்குவேக் அடிக்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். எதிராளிக்கும் அது தெரியும். அதனால்தான் கார்விநைட், லாண்டரஸ், ரோட்டம் என மண்ணில் கால் படாத ஏதோ ஒன்று ஏறக்குறைய எல்லா அணியிலும் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்தச் சுற்றில், மாற்றி இறங்கப்போவதை நினைத்து ஆடுங்கள். தாங்கும் கார்ச்சோம்ப் என்றால் ஸ்டெல்த் ராக் இடுவது எப்போதும் நட்டமில்லாத வேலை. சாய்க்கும் கார்ச்சோம்ப் என்றால் சுவார்ட்ஸ் டான்ஸ் ஆடலாம். தாக்குதல் இரட்டிப்பான பிறகு, இறங்கிய எஃகுப் பறவைக்கும் ஃபயர் ஃபேங் இரட்டிப்பாக விழும். முதற்சுற்றில் எர்த்குவேக் அடிக்காமல் இருக்கப் பழகிய நாளிலிருந்துதான் என் தோல்விகள் குறைந்தன.

ஐந்தாம்படி: ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தல்

கிங்காம்பிட் என்பது இருளும் எஃகுமான, கடைசியில் வந்து ஆட்டத்தையே புரட்டும் உயிரி. உயிரில் பயிற்சி இல்லாத கிங்காம்பிட்டுக்கு 341 உயிர். ஜாலிக் கார்ச்சோம்ப்பின் எர்த்குவேக் அதன்மேல் 282 முதல் 332 வரை விழும். அதாவது ஒரே அடியில் சாகாது. பிழைத்து நின்று நம்மை அடிக்கும். புதியவர் “சூப்பர் எஃபெக்டிவ்” என்ற சொல்லைத் திரையில் பார்த்தவுடன் எதிரி முடிந்தான் என்று நினைப்பது இங்கேதான் இடறும்.

இப்போது எதிராளியின் தரையில் ஸ்டெல்த் ராக்கும் ஓர் அடுக்கு ஸ்பைக்ஸும் இருக்கட்டும். கிங்காம்பிட் இறங்கும்போது கல் அதை எஃகு என்பதால் மெல்லத்தான் குத்தும், 21. முள் 42 எடுக்கும். மிஞ்சுவது 278. நம் எர்த்குவேக்கின் மிகக் குறைந்த அடியே 282. முன்பு முடியாமல் இருந்தது இப்போது உறுதியாகிவிட்டது. இந்த நான்கு புள்ளி இடைவெளியை உண்டாக்கியது கார்ச்சோம்ப் அன்று, அதற்கு முன்னால் களத்தில் உழைத்துவிட்டுப் போன டிங்-லூ, கிளிமோரா, ஸ்கார்மரி போன்ற ஒன்று. சாய்க்கும் கார்ச்சோம்ப்பையே கல் இடவும் சொன்னால், அது கல் இட்டுக் களைத்து, பாதி உயிரோடு கடைசியில் வந்து நிற்கும். ஒரு வேலை போதும் என்று நான் தொடக்கத்தில் சொன்னதன் கணக்கு இதுதான்.

கிங்காம்பிட்டின் சக்கர் பன்ச் நாம் அடிக்கும் சுற்றில்தான் முந்திப் பாயும். நாம் அடிக்காமல் சுவார்ட்ஸ் டான்ஸ் ஆடினால் அது தோற்றுப்போகும். ஒருமுறை ஆடிவிட்டால் அடுத்த எர்த்குவேக்குக்குக் கல்லும் முள்ளும் தேவையில்லை. ஆனால் எதிராளி டெரா செய்து, அதாவது ஆட்டத்தில் ஒருமுறை மட்டும் உயிரியின் வகையை மாற்றும் வாய்ப்பைப் பயன்படுத்தி, அதைப் பறவை வகையாக்கிவிட்டால் இத்தனை கணக்கும் காற்றில் போகும். அந்த வாய்ப்பு இன்னும் அவர் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆட வேண்டும்.

சேதத்தைக் கையால் போடத் தேவையில்லை. ஷோடவுனோடு சேர்ந்தே ஒரு கணிப்பான் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் அதைத் திறக்கக் கூச்சப்பட வேண்டாம், நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

நம் டெரா

கார்ச்சோம்ப்புக்கு ஸ்டீல் டெராவையே பரிந்துரைக்கிறேன். ஐஸ், டிராகன், ஃபேரி என அதன் மூன்று பகைகளும் ஒரே நொடியில் பாதியாகிவிடும். எர்த்குவேக்குக்கும் ஸ்கேல் ஷாட்டுக்கும் உள்ள சொந்த வகைக் கூடுதல் வலிமை குறையாது. விலை என்னவென்றால் மின்சாரம் இனி ஏறும், நெருப்பு, சண்டை, நிலம் ஆகிய மூன்றும் இரட்டிப்பாகும். ஒரு சின்ன அறிவுரை: வீவைல் எதிரே நிற்கும்போது பயத்தில் டெரா செய்யாதீர்கள். முழு உயிர் இருந்தால் ஐஸ் ஷார்டைத் தாங்கலாம் என்று முன்பே கண்டோம். ட்ரிபிள் ஆக்ஸெல் வந்தால் மட்டும் தாங்காது. எது வரும் என்று தெரியாத இடத்தில்தான் டெரா, தெரிந்த இடத்தில் மாற்று உயிரி.

பயப்பட வேண்டிய மற்றவை

லாண்டரஸ், இன்சினரோர், கயராடோஸ் போன்றவை இறங்கும்போதே இன்டிமிடேட் திறனால் நம் தாக்குதலை மூன்றில் இரண்டாகக் குறைக்கும். நாம் வெளியே போய்த் திரும்பி வந்தால் சரியாகிவிடும். ரோட்டமின் வில்-ஓ-விஸ்ப் பட்டுத் தீப்பிடித்தால் தாக்குதல் பாதி, அது வெளியே போய் வந்தாலும் சரியாகாது. தாக்கும் கார்ச்சோம்ப்புக்கு அது மரணத்துக்கு ஒரு படி கீழே. அன்அவேர் திறனுள்ள கிளெஃபேபிள் நம் சுவார்ட்ஸ் டான்ஸைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

இவற்றுக்கெல்லாம் கார்ச்சோம்ப்பிடம் விடை தேடாமல் துணையிடம் தேட வேண்டும். எனக்குப் பிடித்த துணை சிஸர் என்ற எஃகுப் பூச்சி. ஐஸும் ஃபேரியும் அதற்குப் பாதிதான் ஏறும். அதன் புல்லட் பன்ச் முந்திப் பாய்ந்து ஃபேரிகளையும் வீவைலையும் குத்தும். அதற்கு நான்கு மடங்கு பகையான நெருப்பு வரும்போது, நெருப்பைப் பாதியாக வாங்கும் கார்ச்சோம்ப் இறங்கும். மாமன் மச்சான் போல ஒருவர் வீட்டுச் சண்டைக்கு இன்னொருவர் வந்து நிற்பார். 

இரட்டையர் ஆட்டம்

கருவியில் அதிகாரப்பூர்வப் போட்டிகள் இரட்டையராக, 50ஆம் நிலையில், ஆறில் நான்கைத் தேர்ந்து ஆடப்படுகின்றன. அங்கே எர்த்குவேக் எதிரில் நிற்கும் இருவரோடு நம் பக்கத்தில் நிற்பவரையும் அடிக்கும், அதுவும் முக்கால் வலிமையில். ஆகவே பக்கத்தில் பறக்கும் உயிரி நிற்க வேண்டும், அல்லது பக்கத்தில் நிற்பது அந்தச் சுற்றில் புரொடெக்ட் என்ற காப்பைச் செய்துகொள்ள வேண்டும். டெயில்விண்ட் விடும் டார்னடஸோ டாலன்ஃப்ளேமோ இருந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்: எர்த்குவேக் அவற்றுக்குப் படாது, நம் 169 வேகம் நான்கு சுற்றுக்கு இரட்டிப்பாகும். புரொடெக்ட் இல்லாத கார்ச்சோம்ப்பை இரட்டையருக்குக் கொண்டுபோக வேண்டாம். இருவரும் சேர்ந்து அதையே குறிவைப்பார்கள். 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் கொரியாவின் பார்க் சே-ஜுன் வென்றபோது எல்லாரும் அவருடைய பாச்சிரிசு என்ற அணிலையே பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அந்த அணியில் கார்ச்சோம்ப்பும் இருந்தது என்பதை நான் எங்கள் மாடியில் அவ்வப்போது நினைவுபடுத்துவேன்.

பழகும் முறை

முதல் இருபது ஆட்டங்களைத் தாங்கும் கார்ச்சோம்ப்போடு மட்டும் ஆடுங்கள். அடுத்த இருபதைச் சாய்க்கும் கார்ச்சோம்ப்போடு. நடுவில் தோற்கிறோம் என்று அடிகளை மாற்றிக்கொண்டே போனால், பிழை அணியிலா கையிலா என்பது தெரியாமலே போய்விடும். ஆட்டத்தைத் தொடங்குமுன் இணைப்பையும் பாருங்கள். சென்ற சாரலில் ஐந்தருவிக்குப் போன இடத்தில், ஸ்கேல் ஷாட் இரண்டு ஏறி ஆட்டம் கையில் இருந்தபோது கைபேசியில் கோடுகள் மறைந்து, நேரக்கணக்கு ஓடி முடிந்து நான் தோற்றேன். அருவிச் சத்தத்தில் நான் திட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஆட்டத்தின் பதிவைச் சேமித்துத் திறந்து, மூன்று இடங்களில் மட்டும் நிறுத்திப் பாருங்கள்: கார்ச்சோம்ப் முதலில் இறங்கிய சுற்று, அது கடைசியாக முழு உயிரோடு இருந்த சுற்று, அது விழுந்த சுற்று. முதலாவதிலிருந்து மூன்றாவது வரை எண்ணி மூன்றே சுற்றுகள் இருந்தால், அதை இறக்கிய நேரமே தவறு. சித்தி மகனின் அன்றைய பதிவில் சரியாக மூன்று இருந்தன. போன வாரம் ஆடியதில் அது நான்காம் சுற்றில் இறங்கி, ஒருமுறை கல் இட்டு, உள்ளே போய், பத்தொன்பதாம் சுற்றில் வந்து இரண்டு பேரை டிராகன் டெய்லால் முள்ளின்மேல் இழுத்துப் போட்டது. அந்த ஆட்டத்திலும் அவன் தோற்றான், கடைசியில் சிஸரை நெருப்பின் முன்னால் நிறுத்திவிட்டதால். இப்போது அவனுக்கு சிஸரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.